தூங்க வைக்கும் கரடிக் கதை: பொம்மையா, புத்தகமா, இரண்டுமா?

கேள்வி: லயத்துப் பிள்ளை | 2 ஆகஸ்ட் 2025

என் மகனைத் தூங்க வைக்க அம்மா ஒரு கரடி பொம்மையை வைத்துக்கொண்டு கதை சொல்வார். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய சாதாரணக் கரடி. கதையில் அது ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போகும். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நிற்கும், கங்காணி பெயர் கூப்பிட்டால் இரண்டு கையையும் தூக்கும், மரத்துப் பால் பிடிக்கும் மங்கில் பாலுக்குப் பதிலாகத் தேனைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கணக்கெழுதும் கிராணியிடம் நிறுக்கச் சொல்லும். பையன் இப்போது வேறு எந்தக் கதைக்கும் தூங்குவதில்லை. வீட்டுக்கு வந்த அண்ணி இதைக் கேட்டுவிட்டு, தீபாவளிக்குள் இதே மாதிரி நூறு கரடி தைத்து, ஒரு புத்தகமும் போட்டு, எண் குத்தி ‘சேகரிப்புப் பதிப்பு’ என்று விற்கலாம் என்கிறார். லபுபு பொம்மைக்கு வரிசை பிடித்து நிற்கிற சனம் நம் கரடியை வாங்காதா? மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா? முதலில் பொம்மையா, புத்தகமா?

தையல்கடை அக்கா | 2 ஆகஸ்ட், இரவு

முடியும். நூறு முடியாது. அதை அப்புறம் பேசுவோம்.

நீயும் அண்ணியும் உட்கார்ந்து முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். இந்தக் கரடி குழந்தையின் கைக்கா, பெரியவர்களின் கண்ணாடி அலமாரிக்கா? துணி, கண், பஞ்சு, விலை, புத்தகத்தின் தாள் வரைக்கும் எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான். இரண்டுக்கும் ஒரே கரடி என்று இறங்கினால் குழந்தைக்கு ஆபத்தானதும் சேகரிப்பவருக்கு மட்டமானதுமான ஒன்றுதான் மிஞ்சும்.

நான் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் தைத்தவள். இப்போது சொந்தக் கடை. ரவிக்கை தைத்து ஓய்ந்த நேரத்தில் கரடி தைப்பேன். அதனால் கொஞ்சம் அதட்டித்தான் பேசுவேன்.

தையல்கடை அக்கா | 3 ஆகஸ்ட்

கண் எப்படி வைப்பது என்று கேட்டவர்களுக்கு.

சேகரிப்புக் கரடிக்குக் கண்ணாடிக் கண். பின்னால் கம்பி வளையம் இருக்கும். கெட்டி நூலைக் கோத்துத் தலையின் பின்பக்கம் வரை இழுத்து முடிச்சுப் போடுவார்கள். இழுக்க இழுக்கக் கண் குழிக்குள் இறங்கும், முகத்துக்கு ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குத்தான் காசு. ஆனால் குழந்தை கடித்து இழுத்தால் ஒரு நாள் கண் வாய்க்குள் போகும். சின்னப் பிள்ளையின் கரடிக்குக் கண்ணை நூலால் பூவேலை செய்துவிடு. பொத்தான் வேண்டாம், மணி வேண்டாம்.

தொழிற்சாலையில் ஒரு சிறிய குழாய் வைத்திருப்பார்கள், வாய் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கிவிடுகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் பொம்மைக்கு ஆகாது. கண்ணையும் மூக்கையும் இழுத்துப் பார்க்கிற சோதனை தனி. நம் நாட்டில் பொம்மைப் பாதுகாப்புத் தரத்துக்கு 2009ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாட விற்கிற பொம்மை அதற்குள் வரும். உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்கு. ‘சேகரிப்பு’ என்று சீட்டு ஒட்டிவிட்டால் போதும், விதி தொடாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பஞ்சுபஞ்சாக, பார்த்தால் கட்டிப்பிடிக்கத் தோன்றுகிற கரடியை எந்தப் பிள்ளை சீட்டைப் படித்துவிட்டுத் தொடாமல் விடும்?

தையல்கடை அக்கா | 3 ஆகஸ்ட், மதியம்

லபுபு வாதம் வந்துகொண்டே இருக்கிறது. அதுவே புத்தகத்திலிருந்து வந்ததுதான். காசிங் லுங் என்ற ஓவியர் 2015இல் படக்கதைப் புத்தகங்களில் வரைந்த பிசாசுக் குட்டி அது. பாப் மார்ட் நிறுவனம் கையில் எடுத்தது 2019இல். வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்தப் புத்தகம் தெரியாது என்பது வேறு விஷயம்.

தையல்கடை அக்கா | 4 ஆகஸ்ட்

ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: அமெரிக்க அதிபர் கரடியைச் சுடாமல் விட்டார், அதைக் கேட்டு ஜெர்மன்காரர்கள் பொம்மை செய்தார்கள் என்று. இரண்டு கதையை ஒன்றாகக் கலந்துவிட்டார்.

1902 நவம்பரில் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபோர்ட் பெரிமேன் அதை வாஷிங்டன் போஸ்ட்டில் கேலிச்சித்திரமாகப் போட்டார். அதைப் பார்த்து நியூயார்க்கின் புரூக்ளினில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம் ஒரு கரடியைக் கடையில் வைத்தார். தைத்தது அவர் மனைவி ரோஸ். (பெயர் யாருக்குப் போயிற்று பார்த்தாயா?) ஜெர்மனியில் ஸ்டைஃப் வீட்டார் அதே ஆண்டு தங்கள் பாட்டுக்குக் கைகால் அசையும் கரடியைச் செய்து, 1903இல் லைப்சிக் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர் 3,000 கரடிக்கு ஆர்டர் கொடுத்தார்.

ஸ்டைஃப் நிறுவனத்தைத் தொடங்கிய மார்கரெட் ஸ்டைஃப் போலியோவால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்து தைத்தவர். அவர் முதலில் செய்தது கரடி இல்லை, யானை. அதுவும் ஊசி குத்தி வைக்கிற மெத்தை. பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு போய் விளையாட, வியாபாரமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. என் கடையில் ஊசி குத்துவது ஒரு பழைய தக்காளி மெத்தை, அதை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

சேகரிப்புக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 1904 முதல் ஸ்டைஃப் பொம்மைகளின் காதில் உலோகப் பொத்தான் வைத்தார்கள். போலி செய்கிறவனைத் தடுக்கத்தான். இன்று பழைய கரடி கிடைத்தால் முதலில் காதைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள். காதிலுள்ள சீட்டின் நிறத்தைப் பார்த்தே வழக்கமான தயாரிப்பா, எண்ணிக்கை குறித்த பதிப்பா என்று சொல்லிவிடுவார்கள். உன் கரடிக்கும் ஒரு அடையாளம் வேண்டும், முதல் கரடியிலிருந்தே. நடுவில் மாற்றக் கூடாது.

தையல்கடை அக்கா | 4 ஆகஸ்ட், இரவு

புத்தகமா பொம்மையா என்ற கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஆங்கில எழுத்தாளர் ஏ.ஏ. மில்னின் மகனுக்கு முதல் பிறந்தநாளுக்கு 1921இல் லண்டன் கடையில் ஒரு கரடி வாங்கினார்கள். அதிலிருந்து ‘பூ’ (Winnie-the-Pooh) என்ற கரடியின் புத்தகம் 1926இல் வந்தது. மைக்கேல் பாண்ட் 1956 கிறிஸ்துமஸ் முதல் நாள் கடையில் தனியாக மிஞ்சிக் கிடந்த கரடியை மனைவிக்கு வாங்கினார். அதை வைத்து எழுதிய பேடிங்டன் கரடியின் புத்தகம் 1958. அந்தக் கரடியைப் பொம்மையாக விற்கத் தொடங்கியது 1972.

ஆக, முதலில் ஒருவருக்காக வாங்கிய ஒரே ஒரு கரடி. அப்புறம் கதை. கதையை நாலு பேர் அறிந்த பிறகு விற்பனைக் கரடி. உன் வீட்டில் முதல் இரண்டும் நடந்துவிட்டன. இனிப் புத்தகம்தான். கதை தெரியாதவருக்கு உன் கரடி இன்னொரு பசார் மாலாம் கரடி.

பேடிங்டன் பொம்மையில் ஒரு வேடிக்கை. கரடி நேராக நிற்கவில்லை என்று தைத்த ஷெர்லி கிளார்க்சன் ரப்பர் பூட்ஸ் போட்டுவிட்டார். இன்று பூட்ஸ் இல்லாமல் அந்தக் கரடியை நினைக்கவே முடிவதில்லை. தைக்கிறவளின் சிக்கல் கதைக்குள்ளே நுழைந்துவிட்டது. உன் அம்மாவின் கரடிக்கும் பூட்ஸ் போடலாம். தோட்டத்தில் அட்டையும் பாம்பும் இருக்கிற இடத்தில் யார் வெறுங்காலோடு பால் வெட்டப் போவார்கள்? (போனார்கள். என் அம்மா போனார். அது வேறு கதை.)

தையல்கடை அக்கா | 6 ஆகஸ்ட்

அம்மாவின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்தாயா? இன்னும் இல்லை என்றால் இன்றைக்கே செய். தேதி சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கச் சொல். நம் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டினுடையது. வாயில் சொன்ன கதை எழுத்திலோ பதிவிலோ வந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. வந்துவிட்டால் ஆசிரியரின் ஆயுள் முழுக்க, அப்புறம் 50 ஆண்டு. அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் விருப்பப் பதிவும் செய்யலாம்.

இங்கே ஆசிரியர் யார்? நீ இல்லை, அண்ணியும் இல்லை. அம்மா. அட்டையில் அவர் பெயர்தான் முதலில் வரவேண்டும்.

படம் வரைகிற பிள்ளைக்குக் காசு கொடுத்தால் சட்டப்படி அந்தப் படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கொடுத்தவருக்கு வந்துவிடும். இதை அந்தப் பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லு. தெரியாமல் வரைந்துவிட்டுப் பிறகு பொம்மையில் தன் கரடியைப் பார்த்து வயிறு எரிவது நியாயமான எரிச்சல். ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். புத்தகத்துக்கு இவ்வளவு, பொம்மைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக. ‘பூ’ கரடியின் வியாபார உரிமையை, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும், 1930இலேயே ஸ்டீபன் ஸ்லெசிங்கர் என்பவர் வாங்கிவிட்டார். அந்த வீட்டாருக்கும் டிஸ்னிக்கும் பின்னாளில் பல ஆண்டு வழக்கு. அண்ணி–நாத்தனார் வழக்கு அதைவிட நீளும்.

கரடியின் வடிவத்தைப் பதிய வேண்டுமானால் 1996ஆம் ஆண்டு தொழில் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. புதிதாக இருந்தால்தான் ஏற்பார்கள். அதனால் முகநூலில் படம் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்.

தையல்கடை அக்கா | 9 ஆகஸ்ட்

நீ அனுப்பிய மாதிரிப் படம் பார்த்தேன். கரடி அழகு. மரம் தப்பு.

பால்மரத்தில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும், பால் கூடும். படத்தில் நேர்மாறாகச் சரிகிறது. மங்கு எங்கோ கிளையில் தொங்குகிறது. கள் இறக்குகிறதா கரடி?

சிரிக்கிறேன் என்று நினைக்காதே. இந்தப் புத்தகத்தை வாங்கப்போகிறவர் யார்? லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்து, தோட்டம் செம்பனைக்கு மாறியதும் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து, இப்போது கிள்ளான் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர். அவருக்கு வயது ஐம்பது. பேரனுக்கு என்று சொல்லித் தனக்குத்தான் வாங்குவார். முதல் பக்கத்தில் அவர் கண் போகிற இடம் அந்த வெட்டுதான். அது தப்பென்றால் மூடி வைத்துவிடுவார்.

பெரட்டு இருட்டில் நடக்கட்டும், வானம் நீலமாக வேண்டாம். குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் என்பதால்தானே அந்த நேரத்தில் எழுப்பினார்கள். நெற்றியில் விளக்குப் போடு. மழை வந்தால் வேலை இல்லை, கரடிக்குக் கொண்டாட்டம் என்று ஒரு கதை அம்மாவிடம் நிச்சயம் இருக்கும். கேட்டுப் பார்.

தையல்கடை அக்கா | 9 ஆகஸ்ட், இரவு

பேச்சு திரும்பிவிட்டது, இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் லயத்தில் கரடி பொம்மை யாரிடமும் இல்லை. வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிச் செய்த பந்து இருந்தது. எறிந்தால் கூரை மேல் போய்விடும். கித்தாக் கொட்டையை (ரப்பர் விதையை) உரசிச் சூடாக்கிப் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைப்போம். வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் தொட்டில் துணிதான் எல்லாருக்கும் பொம்மை. சேலைத் துண்டை முடிச்சுப் போட்டுத் தலை என்று வைத்துக்கொள்வோம்.

உன் கரடிக்கு ஒரு பழைய சேலைத் துண்டில் தலைக்கட்டு போட்டால் என்ன? வேலைக்குப் போகிறவர்கள் தலையில் துணி கட்டாமல் போனதை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கரடிக்கும் வேறு வேறு துணி.

தையல்கடை அக்கா | 12 ஆகஸ்ட்

நிறத்தைப் பற்றி. பழுப்புக் கரடி வெள்ளைக்காரர் நாட்டுக் கரடி. நம் காட்டில் இருப்பது சூரியக் கரடி. மலாய்க்காரர்கள் பெருவாங் மாடு (beruang madu) என்பார்கள், தேன் கரடி என்று பொருள். உலகத்துக் கரடிகளில் மிகச் சின்னது. உடம்பு கறுப்பு, நெஞ்சில் மஞ்சள் பிறை. நாக்கு 20, 25 சென்டிமீட்டர் நீளும், தேன்கூட்டுக்குள் விட்டு நக்க. அம்மா கதையில் தேன் ஏற்கெனவே இருக்கிறது! வேறு என்ன வேண்டும்?

நெஞ்சுக் குறி ஒவ்வொரு கரடிக்கும் வேறு மாதிரி இருக்கும். சிலதுக்குப் பிறை, சிலதுக்கு உடைந்த வளையம், சிலதுக்குப் புள்ளி. நேரில் பார்க்க வேண்டுமானால் சபாவில் செப்பிலோக்கில் 2008 முதல் இயங்கும் காப்பகம் இருக்கிறது. இதுதான் உனக்கு அடையாளம். ஒவ்வொரு பொம்மையின் நெஞ்சிலும் பிறையைக் கையால் வேறு வேறாகப் பூவேலை செய். செய்ததைப் படம் எடுத்து எண்ணோடு ஒரு பேரேட்டில் ஒட்டி வை. நாளைக்கு யாராவது ‘எட்டாம் எண் என்னிடம் இருக்கிறது’ என்று வந்தால் நெஞ்சைப் பார்த்தே சொல்லிவிடலாம். காதுப் பொத்தான் வாங்கக் காசு மிச்சம்.

உண்மையான கரடி நகம் வைக்கலாமா என்று கேட்ட மகானுக்கு: 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் அது முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. நீங்கள் உள்ளே போனால் நாங்கள் கதைப் புத்தகம் அனுப்புகிறோம்.

தையல்கடை அக்கா | 13 ஆகஸ்ட்

கறுப்பு ரோமத் துணியை வெட்டும்போது கத்தரியின் நுனியால் பின்துணியை மட்டும் வெட்டு. மொத்தமாக வெட்டினால் ரோமம் மொட்டையாகி, தையல் ஓரம் பிச்சைக்காரன் தலை மாதிரி இருக்கும். ரோமம் சாயும் திசையை எல்லாத் துண்டிலும் அம்புக்குறி போட்டு வை. இடது வலது மாற்றி வரைய மறக்காதே, இல்லாவிட்டால் இரண்டு இடது கைதான். தைத்து முடித்ததும் தையலுக்குள் சிக்கிய ரோமத்தை ஊசியால் கிளறி வெளியே எடு. அந்தப் பொறுமை இல்லாத கரடி எங்கே இருந்தாலும் தெரியும்.

தையல்கடை அக்கா | 17 ஆகஸ்ட்

கைக்கா அலமாரிக்கா என்று முதல் நாளில் கோடு கிழித்தேன். அந்தக் கோட்டின் மேல் இப்போது ஒரு யோசனை.

1994 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1904ஆம் ஆண்டு ஸ்டைஃப் கரடி ஒன்று 1,10,000 பவுண்டுக்குப் போயிற்று. ‘டெடி கேர்ள்’ என்று பெயர். வாங்கியவர் ஜப்பானில் கரடி அருங்காட்சியகம் வைக்கவிருந்தவர். அது கண்ணாடிப் பெட்டியில் பொத்திவைத்த கரடி இல்லை. ராணுவ அதிகாரி ஒருவர் சின்னப் பிள்ளையிலிருந்து வயதாகிச் சாகும்வரை கூடவே வைத்திருந்தது. ஆள் யார், கரடி எங்கெங்கே போயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வாழ்க்கைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

எதிர்ப்பக்கம் பீனி பேபீஸ். 1993இல் வந்த, உள்ளே பிளாஸ்டிக் மணி அடைத்த சின்னப் பொம்மைகள். ‘இந்த வகை இனி வராது’ என்று நிறுவனம் சொல்லச் சொல்ல, விலை ஏறும் என்று பெரியவர்கள் சீட்டுக் கசங்காமல் பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். 1999இல் லாஸ் வேகாஸில் விவாகரத்தான ஒரு தம்பதி நீதிமன்றத் தரையில் உட்கார்ந்து பொம்மைகளைப் பங்கு பிரித்தார்கள். படம் இன்றும் சுற்றுகிறது. அப்புறம் மோகம் அடங்கியது, பெரும்பாலானவற்றுக்கு விலையும் போயிற்று. யாரும் விளையாடாத பொம்மை, யாருக்கும் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

ஆகவே கோடு இருக்கட்டும், ஆனால் அது தைக்கிறவளுக்கு. பாதுகாப்புக்கும் விலைக்கும் அது வேண்டும். வாங்குகிறவரிடம் ‘தொடாதீர்கள், மதிப்பு ஏறும்’ என்று மட்டும் சொல்லி விற்காதே. பெரியவர் கரடியைத் தினமும் மடியில் வைத்து டிவி பார்த்தாலும் சந்தோஷம்தான். சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு விடு: ‘இந்தக் கரடி யார் வீட்டில் வேலை பார்க்கிறது?’ அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

தையல்கடை அக்கா | 18 ஆகஸ்ட்

எண்ணிக்கையும் விலையும். தீபாவளி அக்டோபர் 20. கைகால் அசைய மூட்டு வைத்த சேகரிப்புக் கரடி ஒன்றுக்கு வெட்டுவது முதல் மூக்குத் தையல் வரை கைதேர்ந்தவளுக்கே ஒரு முழு நாள் போய்விடும். நீ புதுசு, வீட்டில் பிள்ளை வேறு. முப்பதோடு நிறுத்து. முப்பது என்று அச்சிட்டுவிட்டால் முப்பதுதான், விற்றுத் தீர்ந்ததும் முப்பத்தோராவது தைத்தாயோ, முதல் முப்பது பேரும் உன்னை மன்னிக்க மாட்டார்கள். என் கணக்கில் 250 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே கொடுத்தால் உன் கூலி போயிற்று. குழந்தைக் கரடி தனி: மூட்டு இல்லை, பாலியஸ்டர் பஞ்சு, துவைக்கலாம், எண் கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் தைக்கலாம்.

முன்பணம் வாங்காமல் ஊசியைத் தொடாதே. ஒரு கடைக்காரர் தீபாவளிக் கூடையில் வைக்க என்று என்னிடம் கரடி சொன்னார், பெயர் வேண்டாம். தைத்து முடித்துக் கூப்பிட்டால் நாளைக்கு, அடுத்த வாரம் என்றார். தீபாவளி போயிற்று, நான் இலவு காத்த கிளி. அதுவும் உள்ளே இலவம்பஞ்சு அடைத்த கரடிகள்!

அந்தப் பஞ்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடை கம்மி, நல்ல பஞ்சு, ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு நனைந்தால் பூசணம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அனுப்பினால் உள்ளேயே வியர்த்துவிடும். துணிப்பையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று வைத்து அனுப்பு.

தையல்கடை அக்கா | 24 ஆகஸ்ட்

தம்பி அச்சகத்தில் வேலை பார்க்கிறான், அவனிடம் கேட்டது. நடுவில் கம்பி அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காக வர வேண்டும். படக்கதைக்கு 32 பக்கம் வழக்கம், பெரிய தாளை மடிக்கும்போது வீணாகாது. நீ சொன்ன 30 பக்கம் என்றால் இரண்டு பக்கம் காலியாகத் தொங்கும். அதில் அம்மாவைப் பற்றி எழுது. ஐ.எஸ்.பி.என். எண் தேசிய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்சானதும் அங்கே ஐந்து படி கொடுக்க வேண்டும், அது சட்டம். அதையும் சேர்த்து அச்சடி.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். படிக்கப்போவது கண்ணாடி தேடுகிற பாட்டிகள்.

தையல்கடை அக்கா | 25 ஆகஸ்ட்

அண்ணி கோபமாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். அண்ணி, நூறை முப்பதாக்கியது நான்தான், உங்கள் நாத்தனாரைத் திட்டாதீர்கள். யோசனை உங்களுடையது. பங்கு எழுதும் தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று 6ஆம் தேதியே எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள். அந்த எல்லாரில் நீங்களும் உண்டு.

தையல்கடை அக்கா | 7 செப்டம்பர்

திருத்திய படம் வந்தது. வெட்டு சரி. மங்கு சரி. கங்காணியின் மீசை கொஞ்சம் ஓவர், ஆனால் வைத்துக்கொள்.

முதல் கரடியின் தலை ஏன் ஒரு பக்கம் சாய்கிறது என்று கேட்டாய். கழுத்து மூட்டுக்கு வைத்த அட்டை சின்னது, பஞ்சும் கழுத்தில் தளர்ந்திருக்கிறது. பிரித்துப் பெரிய அட்டை வை, கட்டையால் இடித்து இடித்துக் கெட்டியாக அடை. மூக்கைத் தைத்தது யார், அம்மாவா? அவரையே எல்லாக் கரடிக்கும் தைக்கச் சொல்.

வாங்க விரும்புகிறவர்கள் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் இங்கே பொதுவில் போடாதீர்கள். தனிச் செய்தியில் லயத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள், பாதிப் பணத்தோடு. எட்டாம் எண் எனக்கு.